முழங்காலுக்குப் போன கியர் எண்ணெய்

"ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டியிருக்கீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"நிறைய, மேடம்" என்றேன்.

அதுவரைக்கும் நான் தொட்டிருந்த ஒரே ஆட்டோமேட்டிக், என் மச்சான் கையில் கட்டியிருந்த கடிகாரம்தான். அதையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டத் தெரியாமல் கொடுத்தவன் நான். ஆனால் கேள்வி கேட்கப்பட்ட இடம் அப்படி. அல்சூர் ஏரிக்குப் பக்கத்து அடுக்குமாடி, கீழே நிழலில் அந்த வண்டி. வெள்ளி நிறம். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன், தரையில் ரெண்டே ரெண்டு பெடல். கிளச்சே கிடையாது. பதினோரு வருஷம் சிவாஜி நகர் ஸ்டாண்டில் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவனுக்கு அது எப்படி இருந்தது என்று எழுதினால் என் பெண்டாட்டி இன்றைக்கும் கோபித்துக்கொள்வாள். பெண் பார்க்கப் போன அன்றுகூட எனக்கு அப்படிப் படபடக்கவில்லை.

மேடம் கோயம்புத்தூர்க்காரர். பன்னிரண்டு வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு, தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸை நடத்த வந்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசி. அப்போது பெங்களூரில் இந்த மாதிரி வண்டியை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம்ம ஊர் டிராபிக்கில் தானே ஓட்டப் பயந்துதான் டிரைவர் தேடினார்.

"ஒரு மாசம் பார்க்கலாங்க. முப்பதாவது நாள் உட்கார்ந்து பேசிட்டு முடிவு பண்ணிக்குவோம்" என்றார்.

நான் தலையாட்டினேன். அன்று சாயங்காலமே டாக்சியை அதன் ஓனரிடம் கொடுத்துவிட்டேன். அவர் மறுநாளே வேறு ஆளைப் போட்டுவிட்டார். ஆகவே திரும்பிப் போக ஸ்டாண்டில் இடமில்லை. நீலசந்திராவில் எங்கள் தெரு முழுக்க, "அவருக்கு சிங்கப்பூர் கம்பெனில பர்மனெண்ட் ஆயிடுச்சு" என்று என் பெண்டாட்டி சொல்லி முடித்திருந்தாள். முப்பது நாள் என்ற விஷயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் அவள் அதைத் தெருவில் சொல்லியிருப்பாளா என்ன.

முதல் நாள் வண்டி கிளம்பியதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கியர் குச்சியை ஒரு எழுத்துக்கு நேரே கொண்டுபோய் வைத்தால் போதும், போகிறது. கியர் மாற்றுகிற வேலையை யாரோ உள்ளே உட்கார்ந்து நமக்காகச் செய்கிறார்கள். ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் இடது காலுக்கு மட்டும் இந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அல்சூர் மார்க்கெட் திருப்பத்தில் அது தன் பாட்டுக்கு எழுந்து, கிளச் என்று நினைத்து, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தது. மேடத்தின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. கையிலிருந்த பைல் முன்சீட்டுக்கு வந்தது.

"என்னாச்சுங்க?"

"நாய், மேடம்."

அவர் ஜன்னல் வழியாக நாயைத் தேடினார். அடுத்த சிக்னலில் பூனை வந்தது. மூன்றாவது தடவை நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பின்சீட்டிலிருந்து கேள்வி வந்தது: "ஆடுங்களா?"

மறுநாளிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வண்டியில் ஏறியதும் இடது கால் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவேன். செருப்பில்லாத காலுக்கு இன்று லீவு. தரை விரிப்பு உள்ளங்காலில் பட்டதுமே அந்தக் காலுக்கு விஷயம் புரிந்துவிடும். ரெண்டு நாளில் பழகிவிட்டது. அதற்கப்புறம் வண்டிக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் குறுக்கே வரவில்லை.

அத்தோடு நான் நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

டாக்சிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் முதல் வேலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னாலேயே பானட்டைத் தூக்கி, அளவுக் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து எண்ணெய் பார்ப்பது. ராத்திரி முழுக்க வண்டி நின்று, எண்ணெயெல்லாம் கீழே இறங்கியிருக்கும். அப்போது பார்த்தால்தான் சரியான கணக்கு. சாமி கும்பிடுவதற்கு முன் கை கழுவுகிற மாதிரி இது. ஸ்டாண்டில் இதைச் செய்யாதவனை டிரைவராகவே மதிக்க மாட்டார்கள். இதில் நான் கொஞ்சம் அதிகப்படி. அக்கம்பக்கத்து வண்டிகளின் டிரைவர்கள் பார்க்கிறார்கள் என்றால் ரெண்டு தடவை துடைப்பேன்.

சிங்கப்பூர் வண்டியில் அப்படி ஒரு நாள் குனிந்திருந்தபோது, இன்னொரு கம்பி கண்ணில் பட்டது. அடியில், ஒதுக்குப்புறமாக. உருவினேன். சிவப்பு எண்ணெய். ரோஜாப்பூ சர்பத் மாதிரி என்ன ஒரு நிறம். இது கியர் பெட்டிக்கான எண்ணெய் என்று ஊகித்துவிட்டேன், அந்தமட்டும் மூளை இருந்தது. கம்பியில் ரெண்டு கோடுகள். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி ரெண்டு விரற்கடை உயரத்தில் நின்றது.

எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. சிங்கப்பூர்க்காரன் தப்பு பண்ணியிருக்கிறான், சிவாஜி நகர் ஸ்டாண்டுக்காரன் கண்டுபிடித்திருக்கிறான். எண்ணெய் கூடினால், அதைக் கசியாமல் தடுக்கிற ரப்பர் சீல் பிய்த்துக்கொள்ளும் என்பது அம்பாசிடர் ஓட்டிய எவனுக்கும் தெரியும். மேடம் கேட்பதற்கு முன்னால் சரி செய்துவிட்டு, முப்பதாவது நாள் பேச்சில் இதை நடுவில் எடுத்து விட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவரிடமிருந்து மாட்டுக்கு ஊசி போடுகிற பெரிய சிரிஞ்ச் ஒன்றை, பழசுதான், கடன் வாங்கினேன். மெல்லிய ரப்பர் குழாயை அதில் மாட்டி, கம்பி இருந்த துளைக்குள் விட்டு இழுத்தேன். வந்தது சிவப்பு. இழுத்து இழுத்து ஒரு லிட்டர் சோடா பாட்டில் நிறைந்தபோது, கம்பியில் எண்ணெய் மேல்கோட்டில் கச்சிதமாக வந்து நின்றது. ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டேன்.

பாட்டிலைக் கீழே ஊற்ற மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டு போனேன்.

"என்னங்க இது, ரோஸ்மில்க் எசன்ஸா?" என்றாள் பெண்டாட்டி.

"குடிச்சிராதே. சிங்கப்பூர் எண்ணெய். வண்டிக்குள்ள கியர் போடுறதே இதுதான்."

"இவ்வளவு மெல்லிசா இருக்கு, இதுவா கியர் போடுது? உங்களைவிட சமத்துதான்" என்று பாட்டிலை வாங்கி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ரெண்டு மூன்று நாளில் வண்டியின் நடத்தை மாறியது. குச்சியைப் போட்டால் உடனே கிளம்பாது. ஆபீஸில் பியூனைக் கூப்பிட்டால் காதில் விழுந்த மாதிரி ஒரு அசைவு மட்டும் தெரியும், ஆள் எழுந்திருக்க நேரமாகுமே, அப்படி. அப்புறம் ஒரு குலுக்கலோடு கிளம்பும். மேடத்துக்கு அது பிடிக்கவில்லை.

"முன்னெல்லாம் இப்படி இல்லீங்களே."

"எண்ணெய் தினமும் பார்க்கிறேன், மேடம். கோடு மேல கரெக்டா நிக்குது. புது ஊர், வண்டிக்குத் தண்ணி ஒத்துக்கலையோ என்னவோ."

அவர் சிரிக்கவில்லை. முப்பதாவது நாளுக்கு இன்னும் மூன்று நாள்தான் பாக்கி என்பது எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

முப்பதாவது நாள் வந்தது. அன்று பகலில் சிங்கப்பூரிலிருந்து மேடத்தின் பெரிய முதலாளி விமானத்தில் வருகிறார். மேடத்தோடு போய் அழைத்து வர வேண்டும். அப்போது விமான நிலையம் பழைய இடத்தில்தான், தொம்மலூரைத் தாண்டிப் போனால் வந்துவிடும். பக்கம்தான். நான் யூனிபார்ம் மாதிரி தெரிய வேண்டும் என்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். பேச்சுக்கு வேண்டிய வசனமெல்லாம் தயார்.

தொம்மலூர் ஏற்றத்தில் பாதியில், எஞ்சின் ஓவென்று கத்தியது. வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினேன், கத்தல் கூடியது. வண்டி மெதுவாக, மரியாதையாக, பின்னால் போக ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்து ஆரன் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நிறுத்தி, உள்ளே தலையை விட்டு, "ஏன் சார், கியர் மனேலி பிட்டு பந்த்ரா?" என்று கன்னடத்தில் கேட்டார். கியரை வீட்டில் விட்டுவிட்டு வந்தீர்களா என்று. அந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அவரும் இன்னும் ரெண்டு பேருமாகத் தள்ளி ஓரம் கட்டினார்கள். நான் எஞ்சினை நிறுத்தி, ஓடிப்போய் பானட்டைத் தூக்கி, சிவப்பு எண்ணெய்க் கம்பியை உருவி மேடத்திடம் காட்டினேன்.

"பாருங்க மேடம், கோட்டு மேல. எண்ணெய்ல ஒரு குறையும் இல்ல."

மேடம் கம்பியைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதே ஆட்டோவில் ஏறிக்கொண்டு சொன்னார்: "நான் போய்க் கூட்டிட்டு டாக்சில வர்றேன். இந்த வழியாத்தான் வருவேன். அதுக்குள்ள என்ன கோளாறுன்னு தெரிஞ்சிருக்கணும். அப்புறம் நம்ம பேச்சைப் பேசிக்கலாம்."

ஆட்டோ போனது. நானும் வண்டியும் நின்றோம். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

எதிரே ஒரு ரூபாய் பூத் இருந்தது. முதல் போன், எங்கள் தெரு முனையில் ஒர்க்ஷாப் வைத்திருந்த மெக்கானிக் பாய்க்கு. எட்டு வருஷம் துபாயில் வேலை பார்த்தவர். அரை மணியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். அடியில் குனிந்து பார்த்தார், சொட்டு ஈரமில்லை.

"ஆயில் பாத்தியா?"

"பாத்தேன் பாய். கரெக்டா இருக்கு."

"ஸ்டார்ட் பண்ணு."

"ஸ்டார்ட் பண்ணிட்டு எப்படி பாய் எண்ணெய் பாக்கிறது? எஞ்சின் ஓடிட்டிருக்குமே."

"அரே, பண்ணுய்யா."

பண்ணினேன். எஞ்சின் ஓடும்போதே கம்பியை உருவி, துடைத்து, விட்டு, எடுத்தார். என் மூக்குக்கு நேரே நீட்டினார். நுனியில்கூட ஈரமில்லை. காய்ந்த கம்பி.

"இந்தப் பெட்டிக்கு இப்படித்தான் பாக்கணும். சூடா, ஓடும்போது. ஓடறப்ப ஆயில் மேலே போயி வேலை செய்யுது, நின்னா எல்லாம் கீழ எறங்கி ஜாஸ்தி காட்டும். இப்ப ஒரு லிட்டர் கம்மி. ஏத்தத்துல மிச்சமும் பின்னாடி ஓடிடுச்சு, பம்ப் காத்தை உறிஞ்சுது." அவர் மறுபடி வண்டிக்கு அடியில் பார்த்தார். "லீக்கும் இல்ல. ஒரு லிட்டரை யாருய்யா குடிச்சது?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். வலது கால் செருப்பை. இடது வண்டிக்குள் இருந்தது.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கத்தான் உட்கார்ந்தார். "மேலே நின்னுச்சுன்னு எடுத்துட்டியா? எதால?"

"மாட்டு ஊசியால."

அதற்கப்புறம் அவர் எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. எண்ணெய்தான் அலமாரியில் இருக்கிறதே. மறுபடி பூத்துக்கு ஓடி, வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக் கடைக்குப் போன் போட்டு பெண்டாட்டியைக் கூப்பிடச் சொன்னேன்.

"அந்தச் சிவப்புப் பாட்டிலை எடுத்துக்கிட்டு ஆட்டோ புடிச்சு உடனே தொம்மலூர் வா. இதுலதான் என் வேலையே இருக்கு."

"எவ்வளவு வேணும்?" என்றாள்.

"எவ்வளவுன்னா? முழுசா."

"முழுசான்னா... தையல் மெஷினுக்கு ரெண்டு சொட்டு விட்டேன். அப்புறம் கம்பவுண்டர் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலின்னாங்க. சிங்கப்பூர் எண்ணெயாச்சேன்னு ஒரு கிண்ணம் குடுத்தேன். நல்லா கேக்குதுன்னு சொன்னதும், எதிர்வீட்டுல, மாடி வீட்டுல, தண்ணிக் குழாய்க்கிட்ட ரெண்டு பேரு... நீங்க இருங்க, நான் பாத்து வாங்கியாறேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் திரும்பி வந்து சொன்னதும் பாய் மறுபடி உட்காரப் போனார். சமாளித்துக்கொண்டு சொன்னார்: "நக்கோ, நக்கோ, வேணாம். ஊரார் முழங்கால்ல தேய்ச்ச ஆயிலை இதுல ஊத்தாதே. தூசி போனா பெட்டி காலி. புதுசுதான் ஊத்தணும். சிவாஜி நகர்ல ஒரு கடைல இருக்கு, பவர் ஸ்டீயரிங்குக்கு வாங்குவாங்க, நான் போய் வாங்கியாறேன்."

போனார். ஒரு மணி நேரத்தில் வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, நீளக் குழாய் வைத்த புனலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஊற்றுவார், குச்சியை ஒவ்வொரு எழுத்துக்கும் தள்ளி எடுக்கச் சொல்வார், கம்பியைப் பார்ப்பார், மறுபடி ஊற்றுவார். கம்பியில் சிவப்பு மெல்ல ஏறியது. பரீட்சை ரிசல்ட் பேப்பரில் நம்பர் தேடுகிற மாதிரி நான் குனிந்து நின்றிருந்தேன். ரெண்டு கோட்டுக்கும் நடுவில் வந்தது. "போதும். ஏறு" என்றார்.

குச்சியைப் போட்டேன். வண்டி பிடித்துக்கொண்டது. தொம்மலூர் ஏற்றத்தை அது சறுக்கல் இல்லாமல், சத்தமில்லாமல் ஏறியபோது நான் வாய்விட்டுக் கத்தினேன். பாய் பக்கத்து சீட்டில் டேஷ்போர்டில் தாளம் போட்டார். மேலே போய்த் திரும்பி, இறங்கி, மறுபடி ஏறினோம். அவசியமில்லாமல் மூன்றாம் தடவையும் ஏறினோம். பிறகு நின்ற இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினேன்.

இறங்கும்போது பாய் குரலைத் தணித்தார். "மேடம் கேட்டா சீல் லீக்குன்னு சொல்லிடு. பெரிய வண்டி, சின்ன லீக்கு, யாரு பாத்தா. நான் சாட்சி."

நல்ல பொய். அளவான பொய். நாய் பூனையைவிட எவ்வளவோ மேல். மனசுக்குள் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

டாக்சி வந்து நின்றது. மேடம் இறங்கினார். பின்னால் நரைத்த தலையோடு சிங்கப்பூர் முதலாளி, சீனர், ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது மேடம். ஓடுது. பார்த்தா, ஒரு சீல் வந்து..."

சரியாக அந்த வினாடி ஒரு ஆட்டோ வந்து எங்களுக்கு நடுவில் நின்றது. வயர் கூடையோடு என் பெண்டாட்டி இறங்கினாள். கல்யாணத்துக்குப் போகிற புடவை. பெரிய இடத்து வண்டி நிற்கிற இடத்துக்கு வருகிறோம் என்று மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கூடையிலிருந்து சோடா பாட்டிலை எடுத்தாள். முக்கால் பாட்டில் இருந்தது. அதன் நிறம் இப்போது சிவப்பு மட்டுமல்ல. நேரே மேடத்திடம் போய் ரெண்டு கையாலும் கொடுத்தாள்.

"உங்க வண்டி எண்ணெய்ங்க மேடம். அன்னிக்கு இவரு ஜாஸ்தியா இருக்குன்னு எடுத்தாரு இல்லீங்களா, அது. கொஞ்சம் குறையுது. மிச்சம் கம்பவுண்டர் வீட்டம்மா முழங்கால்ல இருக்கு, அதை வாங்க முடியல."

பாய் தன் ஸ்கூட்டரின் டயரை அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"சீல் என்னமோ சொல்ல வந்தீங்க" என்றார் மேடம்.

சொல்வதற்கு இனி உண்மையைத் தவிர என்னிடம் எதுவும் பாக்கியில்லை. எஞ்சினை நிறுத்திப் பார்த்தது, மாட்டு ஊசி, மேல்கோடு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்கிற வேகத்தில், ஆட்டோமேட்டிக் வண்டியை இதற்கு முன் ஓட்டியதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"அது முதல் நாளே தெரியுங்க. ஒரு மாசமா ஒரு கால் செருப்பில்லாம ஓட்டறீங்க. ஏதோ வேண்டுதல்னு சொல்வீங்கன்னு காத்துட்டிருந்தேன்."

டாக்சிக்குள்ளிருந்து முதலாளி என்னவென்று கேட்டார். மேடம் இங்கிலீஷில் விளக்கினார். எனக்கு இங்கிலீஷ் பிடிபடாது. ஆனால் ஊசி போடுவது மாதிரி கையைக் காட்டினார், கொஞ்ச நேரம் கழித்துத் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார், ஆகவே கதை எந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். முதலாளி பாட்டிலை வாங்கி முகர்ந்தார். முகம் சுளித்தார். அப்புறம் டாக்சி குலுங்குகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, தன் பெட்டியோடு இறங்கி, எங்கள் வண்டியின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்.

மேடம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "முப்பது நாள் பத்தலைங்க. இன்னொரு மாசம் பார்க்கலாம். அதுவரைக்கும் திங்கக்கிழமை காலைல என்னை முன்னாடி வெச்சுக்கிட்டுத்தான் அந்தக் கம்பியை உருவணும். எஞ்சின் ஓடும்போது."

என் பெண்டாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, இன்னொரு மாசமா? பர்மனெண்ட்டுன்னீங்க?"

"நான் எங்கே சொன்னேன், நீதானே சொன்னே" என்றேன். அவள் அதற்கு அந்த ரோட்டில் பதில் சொல்லவில்லை. வீட்டில் சொன்னாள்.

அடுத்த மாதக் கடைசியிலும் மேடம், "இன்னொரு மாசம் பார்க்கலாங்க" என்றார். அதற்கடுத்த மாதமும். அப்படியே ஏழு வருஷம் பார்த்தார். திங்கட்கிழமைகளில் அவர் காபி டம்ளரோடு கீழே இறங்கி வருவார், நான் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பேன், உருவிக் காட்டுவேன், அவர் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஆடு ஏதாச்சும் வந்துதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு வருஷம் கழித்து பாய் பழைய எண்ணெயை முழுசாக வடித்துப் புதுசு ஊற்றினார். எங்கள் தெருவில்தான். வண்டிக்கு அடியில் தட்டை வைத்து, மூடியைக் கழற்றியதும் சிவப்பாக இறங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். கம்பவுண்டர் வீட்டம்மா கிண்ணத்தோடு வந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.